யாரிடமிருந்து வந்தது

இரண்டாம் அலை அடங்கிய ஆடி மாதத்தில் ஒருநாள், கூத்தாநல்லூரிலிருந்து ஒரு இளைஞர் எங்கள் ஆய்வகத்தைத் தேடி வந்தார். நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சாம்பிளில் கொரோனா இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அந்த வேலையில் மனித முகமே கண்ணில் படாது. எண் ஒட்டிய குழாய்கள் பெட்டி பெட்டியாக வரும். எண்ணுக்கு எதிரே பதிலைப் போட்டு அனுப்புவோம். சித்திரையிலும் வைகாசியிலும் அந்தப் பெட்டிகள் வராந்தா வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கை ஓடியிருக்காது.

வந்தவர் வண்டி நிறுத்தும் இடத்தில் தகரக் கூரையின் நிழலில் நின்றிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வளைகுடாவில் ஏசி மெக்கானிக் என்றார். விடுமுறைக்கு ஊர் வந்தவர், திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து போகிறவர்களை அந்த நாடு அப்போது உள்ளே விடவில்லை.

"மேடம், நான் ஏப்ரல்ல திருச்சியில வந்து எறங்கினப்ப டெஸ்ட் எடுத்தாங்க. பாசிட்டிவ். உன் சாம்பிள் ஜீன் டெஸ்ட்டுக்குப் போவுது தம்பின்னு ஒரு டாக்டர் சொன்னாரு. உங்க லேப் வழியாத்தான் போச்சுன்னு விசாரிச்சேன். அந்த ரிசல்ட் வந்துச்சுங்களா?"

"வந்திருக்கும். ஆனா அது ஆளுக்குச் சொல்ற ரிசல்ட் இல்லைங்க. எந்த வகை வைரஸ் எங்க பரவுதுன்னு பாக்கறதுக்காக எடுக்கறது. நீங்கதான் குணமாயிட்டீங்களே, இனிமே அது எதுக்கு?"

அவர் செருப்பின் நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவோட சாம்பிளும் இங்கதாங்க வந்துச்சு," என்றார். "மே மாசம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலதான் மவுத்தானாங்க."

பிறகு நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்த அம்மாதான் விடுமுறை போட்டு வரச் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்திலேயே பாசிட்டிவ் ஆனதால் நேராக முகாமுக்குக் கொண்டு போனார்கள். காய்ச்சல்கூட வரவில்லை. முகாம் முடிந்து, தொற்று இல்லை என்ற ரிசல்ட்டோடு வீட்டுக்கு வந்தார். மாடியில் தனியாக இருந்துகொள்கிறேன் என்றவரை அம்மா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். ஓரிரு நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல். பக்கத்து ஊர்களில் எங்கும் படுக்கை கிடைக்காமல் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார்கள். உயிரோடு திரும்பக் கொண்டுபோக முடியவில்லை. ஊர் இளைஞர்கள் சிலர் உடல் முழுக்கக் கவச உடை போட்டுக்கொண்டு அடக்கம் செய்ய, இவரும் அத்தா என்று இவர் கூப்பிடும் அப்பாவும் தூரத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்திருக்கிறார்கள்.

"அன்னிக்கு சாயங்காலம் அத்தா ஒண்ணு சொன்னாரு. நீ வராம இருந்திருந்தா அவ இருந்திருப்பான்னு. அதுக்கப்புறம் என்கிட்ட பேசுறதே இல்லை." குரல் உடையவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிப் பழகிய பேச்சுபோல இருந்தது. "என்னாலதான் அம்மாவுக்கு வந்துச்சான்னு தெரியணும். ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்."

இந்த இடத்தில் எங்கள் வேலையின் மறுபாதியைச் சொல்லிவிடுகிறேன். பாசிட்டிவ் ஆனவற்றில் வைரஸ் அதிகம் இருக்கிற சாம்பிள்களைப் பொறுக்கி, உறைய வைத்து, வெளியூரில் இருந்த பெரிய ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்புவோம். அங்கே வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்துகள். படித்த வரிசையை உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு தளத்தில் ஏற்றி வைப்பார்கள். பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்த நாளில் எடுத்தது, அவ்வளவுதான். எந்த நாட்டு ஆய்வாளரும் அதை எடுத்துத் தன் ஊர் வைரஸோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் போட்டு வைத்ததை நாங்களும் பார்க்கலாம்.

அந்தக் கொடுக்கல் வாங்கல் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. தொற்று தொடங்கியபோது எங்கள் மேசைக்கு வந்த பரிசோதனைக் கிட்டுகள், எங்கோ சிலர் இந்த வைரஸின் முதல் வரிசையை மறைக்காமல் உலகத்தின் முன் வைத்ததால் உருவானவை. அவர்கள் அதைப் பூட்டி வைத்திருந்தால், எதைத் தேடுவதென்றே தெரியாமல் நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஆனால் அந்தத் தளத்தில் நாங்கள் சேர்த்த ஒரு வரிசையைத் தேடி, அதற்குரிய மனிதர் நேரில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

எங்கள் துறைத் தலைவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெண்மணி. விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவனோடதை அவனுக்குச் சொல்லலாம். அந்தம்மாவோடதைச் சொல்ல அவன் மட்டும் கேட்டாப் போதாது. புருஷன் இருக்காரு. அவரும் வந்து கேக்கட்டும்."

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லை மேடம்."

"அதுக்காகத்தான் சொல்றேன். பேரில்லாம உலகத்துக்குக் கொடுத்ததை நாம இப்பப் பேரோட வெளியில எடுக்கறோம். ஜாக்கிரதையாத்தான் எடுக்கணும். ஒருத்தர் காதுல மட்டும் போட்டா அது குடும்பத்துல என்னவா மாறும்னு யாருக்குத் தெரியும்?"

அதை அப்படியே அந்தத் தம்பியிடம் சொன்னேன். "தண்ணி வேணும்னாக்கூட அத்தா என்கிட்ட கேக்கறதில்லைங்க. என்கூட தஞ்சாவூர் வருவாரா?" என்று கேட்டுவிட்டு, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அன்று மாலையே இரண்டு வரிசைகளையும் நான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்து எண்கள் எங்களிடம் இருந்ததால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மகனுடையது பீட்டா என்று பெயர் வைக்கப்பட்ட வகை. அம்மாவுடையது டெல்டா. இரண்டும் வேறு வேறு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். உடனே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. அதன்பின் குறுவை அறுப்பு முடிந்து, சம்பா நடவும் முடிந்து மழை பிடிக்கும் வரைக்கும் அந்தப் பதிலை நான் சுமந்துகொண்டு திரிந்தேன். என் வீட்டில் தட்டு வைத்துச் சோறு போடும்போதுகூட அந்தப் பையன் ஞாபகம் வரும். தான் செய்யாத ஒன்றுக்காக ஒருவன் தினமும் தலைகுனிந்து நிற்கிறான், அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் என் தம்பி விவசாயம் பார்க்கிறான். நட்டு வேர் பிடிக்காத பயிர் தண்ணீருக்குள் முழுகிக் கிடப்பதாகப் போனில் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வடிகால் எல்லாம் நிரம்பி, வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராக இருந்தது. திரும்பும்போது மழை கொஞ்சம் விட்டது. கூத்தாநல்லூர் அங்கிருந்து தூரமில்லை. தம்பியின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன்.

அந்த இளைஞருடைய அப்பா கடைத்தெருவில் வைத்திருந்த மளிகைக் கடையைக் கண்டுபிடிக்க ஒருவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. வெள்ளைத் தாடி, தொப்பி, மடித்துவிட்ட சட்டைக் கை. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் நான் யார் என்று சொன்னதும் நிறுப்பதை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அவன் அனுப்பினானா?"

"இல்லை பாய். நானாத்தான் வந்தேன். அவருக்குத் தெரியாது."

"எங்கிட்ட என்ன கேக்கணும்?"

"நான் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் கேக்கணும். உங்க வீட்டம்மாவுக்கு எந்த வகை வைரஸ் வந்துச்சு, உங்க மகனுக்கு எந்த வகைன்னு எங்ககிட்ட இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வந்து கேட்டா சொல்லுவோம்."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "தெரிஞ்சு என்னம்மா ஆவப்போவுது? அவ எழுந்து வந்துடுவாளா?"

"வர மாட்டாங்க. ஆனா உங்க மகன் இருக்காரே பாய்."

அப்போது ஒரு பெண் சர்க்கரை கேட்டு வந்தாள். அவர் எழுந்து போய் நிறுத்துக் கொடுத்தார். அவள் போன பிறகும் திரும்பி வந்து உட்காரவில்லை. சாக்குகளைச் சரிசெய்துகொண்டே நின்றார். நான் வந்த காரியம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. "வரேன் பாய்" என்றேன். "மழை வருது, பாத்துப் போங்கம்மா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். வழி நெடுக என் மேலேயே எனக்குக் கோபமாக இருந்தது. வேண்டாத இடத்தில் போய்த் தலையை நுழைத்துவிட்டேனோ என்று பட்டது.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் அந்தத் தம்பியிடமிருந்து போன் வந்தது. "மேடம், அத்தா நாளைக்கு உங்களைப் பாக்க வர்றாராம். என்னையும் வரச் சொன்னாரு. எங்கிட்ட நேரா சொல்லலை, தங்கச்சி மூலமா சொன்னாரு."

வாடகைக் காரில் வந்தார்கள். அப்பா முன்சீட்டிலும் மகன் பின்சீட்டிலும் இருந்தார்கள். துறைத் தலைவரின் அறையில் நான்கு நாற்காலிகள் போட்டிருந்தோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மகன் உட்காராமல் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். துறைத் தலைவர், "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார். இருவரும் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "தம்பிக்கு வந்தது வேற வைரஸ், அம்மாவுக்கு வந்தது வேற வைரஸ். தம்பிகிட்டேயிருந்து அம்மாவுக்குப் போகலை."

மகன்தான் முதலில் பேசினார். சந்தோஷம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"இது மாறிக்கிட்டே இருக்கும்னு சொல்றாங்களே மேடம். எங்கிட்ட இருந்து போனப்புறம் அம்மா உடம்புக்குள்ள மாறியிருக்கக் கூடாதா?"

அதை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எத்தனை நாள் இதை யோசித்து வைத்திருந்தாரோ. கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். பல நாடுகளிலிருந்து பகிர்ந்த வரிசைகளை வைத்து வரைந்த மரம் அதில் இருந்தது. எது எதிலிருந்து பிரிந்தது என்று கிளை கிளையாகத் தெரியும்.

"கொஞ்சம் கொஞ்சமா மாறும், உண்மைதான். ஆனா ஒரு வீட்டுக்குள்ள, ஒரு வாரத்துல இவ்வளவு மாறாது. இதைப் பாருங்க. இது உங்களோடது. இதைச் சுத்தி இருக்கறதெல்லாம் நீங்க வேலை பாக்கற நாட்டுல எடுத்தது. அங்க ஒரு ஆய்வகத்துல யாரோ படிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. உங்களோடது அதுங்களோட அப்படியே பொருந்துது. இது அம்மாவோடது. எவ்வளவு தள்ளி இருக்கு பாருங்க. இதுக்குப் பக்கத்துல இருக்கறதெல்லாம் இந்த ஊர்ப்பக்கம் எடுத்தது, டெல்டா."

"டெல்டான்னா நம்ம ஜில்லாங்களா?" என்றார் அப்பா.

அந்த வருடம் எல்லோரும் எங்களிடம் கேட்ட கேள்விதான் அது. "இல்லைங்க, அது வெறும் பேரு. நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. வடக்கேயிருந்து பரவி வந்தது." பிறகு அவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "பாய், நீடாமங்கலத்துக்கிட்ட தலைப்பு மதகு இருக்குல்ல? ஒரே ஆறு அங்க மூணாப் பிரியுது. பாமணியாத்துல எறங்கின தண்ணி திரும்பி மேல ஏறி வந்து வெண்ணாத்துல ஓடுமா?"

"எப்படிம்மா ஓடும்?"

"அதேதான். இந்த ரெண்டு வைரஸும் எங்கேயோ தூரத்துல, எப்பவோ பிரிஞ்சு போனது. ஒண்ணு இன்னொண்ணா மாறி வராது. வெளிநாட்டுக்காரங்க அவங்களோடதைப் போட்டு வச்சதாலதான் எங்களால இதை உறுதியாச் சொல்ல முடியுது."

மகன் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். தன்னுடைய புள்ளியை விரலால் தொடாமல் காட்டி, "இதுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அங்க நாங்க தங்கியிருந்த லேபர் கேம்ப்ல நெறைய பேருக்கு வந்துச்சுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அப்பா மகனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நானா?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"இவன் முகாம்ல இருந்தப்பவே எனக்குக் காய்ச்சல் வந்துச்சும்மா. மாத்திரை போட்டுக்கிட்டுக் கடையில உக்காந்திருந்தேன். சீரக மூட்டையைப் பிரிக்கிறேன், வாசனையே தெரியலை. சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றேன்..." அவர் நிறுத்தினார். "நானாம்மா?"

அம்மாவுடைய வைரஸுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போன ஒரு வரிசை அந்தத் தளத்தில் இருந்தது. எங்கள் பக்கத்து மாவட்டத்தில் எடுத்தது, ஒரு பெண்ணுடையது. அவர் யார் என்று எங்கள் எண்களை வைத்துத் தேடினால் ஒருவேளை தெரிந்திருக்கும். அவர் அந்தக் கடைக்கு வந்தவரா, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையா, எதுவுமே இல்லையா. நான் தேடவில்லை. தேடக்கூடாது என்று அந்த அறையில்தான் முடிவு செய்தேன். ஒருவர் தலையிலிருந்து இறக்கிய பாரத்தை இன்னொருவர் தலையில் ஏற்றிவைக்க அந்த வரிசைகளை யாரும் கொடுக்கவில்லை.

"உங்க சாம்பிளை யாரும் எடுக்கலைங்க," என்றேன். "எடுக்காததைப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. அப்ப ஊர் முழுக்க இருந்துச்சு. எங்கிருந்து வேணா வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது பாய். சத்தியமாத் தெரியாது."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, ஓதினாரா தனக்குள் பேசினாரா தெரியாது. அப்போது மகன் எழுந்து வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அத்தா, அவங்களே தெரியாதுன்னு சொல்லிட்டாங்கள்ல. நாமளும் தெரியாதுன்னே வச்சுக்குவோம்."

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தவர் என்ன சொல்வார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மகன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. கார் கிளம்பும்போது பார்த்தேன், இருவரும் பின்சீட்டில் இருந்தார்கள்.

துறைத் தலைவர் அன்றைக்கு வேறு எந்த வேலையையும் தொடவில்லை. "இதை அடிக்கடி செய்யக் கூடாது" என்று மட்டும் சொன்னார். இது சரியென்று சொன்னாரா தப்பென்று சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நவம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து புதிய வகை ஒன்றைப் பற்றிய செய்தி வந்தது. அங்கே இருந்தவர்கள் வரிசையைப் படித்தவுடனே உலகத்துக்கு அறிவித்தார்கள். பதிலுக்கு மற்ற நாடுகள் அந்தப் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் விமானங்களை நிறுத்தின. அன்று சாயங்காலம் அந்தத் தம்பி போன் செய்தார். வளைகுடா திரும்ப டிக்கெட் போட்டிருந்தார், அதுவும் நின்றுவிடுமோ என்ற கவலை.

"மேடம், மறைக்காம சொன்னவங்களுக்கே இப்படிப் பண்றாங்களே. நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா வாயைத் திறப்பாங்களா?"

"திறக்கணும் தம்பி," என்றேன். குரலில் அவ்வளவு உறுதி இருந்ததா என்று தெரியவில்லை.

அவருடைய விமானம் நிற்கவில்லை. மார்கழியில் போனார். அப்பா திருச்சி வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். கல்யாணப் பேச்சை அடுத்த விடுமுறைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள்.

தையில் மூன்றாம் அலை வந்தது. அறுவடை நேரம். மழையில் தப்பிய பயிரை என் தம்பி அறுத்துக்கொண்டிருந்தான். ஆய்வகத்தில் மறுபடியும் பெட்டிகள் அடுக்கத் தொடங்கினோம். ஒருநாள் காலையில் கூத்தாநல்லூர் பெரியவர் தானாகவே எனக்குப் போன் செய்தார்.

"ராத்திரியிலேருந்து தொண்டை வலிக்குதும்மா. கடையைத் திறக்கலை. எங்க போயி டெஸ்ட் கொடுக்கறது?"

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சொன்னேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். அங்கே எடுத்த சாம்பிள் எங்களிடம்தான் வந்தது. பாசிட்டிவ். மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தார். நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

"அந்த ஜீன் டெஸ்ட்டுக்கு இதையும் அனுப்புங்கம்மா," என்றார். "யாருக்காவது ஒதவும்."

அவருடைய சாம்பிளில் வைரஸ் குறைவாக இருந்தது. படிக்க அது போதாது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப ஒண்ணுக்கும் ஆவாதா?"

"உடனே போயி டெஸ்ட் எடுத்தீங்க, கடையைச் சாத்தினீங்க. இதைவிட என்னங்க வேணும்?"

மறுமுனையில் சிரித்தாரா இருமினாரா என்று சரியாகக் கேட்கவில்லை. "மாடியிலதாம்மா இருக்கேன்," என்றார். "மவன் தெனம் ரெண்டு வேளை போன் பண்ணி, கீழ எறங்கினா தெரியும் சேதின்னு அதட்டுறான்."